முயல் கண் விழித்த பிறகு

வீட்டில் வளரும் முயலுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும் குடும்பத்தில் எழும் முதல் கேள்வி, "மயக்க மருந்தை அது தாங்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அது நம் கவலை முழுவதையும் தவறான நேரத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறது. கத்தி படும் அந்த அரைமணி, முக்கால்மணி நேரத்தைவிட அதை அடுத்து வரும் நேரமே முயலுக்கு ஆபத்து மிகுந்தது. 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் 117 விலங்கு மருத்துவமனைகளில் மயக்கம் கொடுக்கப்பட்ட விலங்குகளைப் பின்தொடர்ந்து, பிராட்பெல்ட்டும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. அதில் 98,036 நாய்கள், 79,178 பூனைகள், 8,209 முயல்கள் இடம்பெற்றன. மயக்கத்தோடு தொடர்புடைய காரணங்களால் 48 மணி நேரத்துக்குள் இறந்தவை நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24 விழுக்காடு, முயல்களில் 1.39 விழுக்காடு. இறந்த முயல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மயக்க மருந்தை நிறுத்திய பிறகே இறந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதனால்தான் தையல் போட்டதோடு அறுவை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது என்கிறேன். முயல் தானாகத் தின்று, தானாகப் புழுக்கை போடும்வரை அறுவை நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதன் கடைசிப் பகுதி மருத்துவர் கையில் இல்லை, வீட்டார் கையில் இருக்கிறது.

இப்படிச் சொன்னதும், "அவ்வளவு ஆபத்தென்றால் முயலுக்கு அறுவையே வேண்டாமே" என்று கேட்கத் தோன்றும். பெண் முயலுக்குக் கருப்பை நீக்கும் அறுவையை எடுத்துக்கொண்டால், செய்யாமல் விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் 1930களிலிருந்து முயல்களை ஆராய்ந்த ஹாரி கிரீன், வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று எப்படிப் பெருகுகிறது என்று காட்டினார். இரண்டு மூன்று வயதில் நூற்றுக்கு நான்கு என்ற அளவில் இருந்த நோய், ஐந்தாறு வயதில் நூற்றுக்கு எண்பதை நெருங்கியது. அது ஆய்வகத்தில் நெருங்கிய உறவுக்குள் பெருக்கப்பட்ட கூட்டம். எல்லா வீட்டு முயல்களுக்கும் அதே கணக்கு பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் வயதான பெண் முயலின் கருப்பையில் கட்டி வருவது எங்கும் மருத்துவர்கள் அன்றாடம் காண்பதுதான். பிரிட்டன் ஆய்வின் இன்னொரு பகுதியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நலமாக இருந்தபோது மயக்கம் பெற்ற முயல்களில் இறப்பு 0.73 விழுக்காடு. நோயுற்ற நிலையில் பெற்றவற்றில் 7.37. பத்து மடங்கு வேறுபாடு. கட்டி வந்து, ரத்தம் கசிந்து, முயல் மெலிந்த பின் அறுவைக்குக் கொண்டுபோவதைவிட, இளமையில் நலமாக இருக்கும்போதே செய்துகொள்வது பாதுகாப்பானது என்பதே இந்த எண்களிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

முதல் மூன்று மணி நேரம் ஏன் அவ்வளவு கடினம்? முயலின் உடலமைப்பே முதல் காரணம். வயிறும் குடலும் பெரிதாக இருக்க, நெஞ்சுக்கூடு சிறியது. மல்லாந்து கிடக்கும்போது கனத்த குடல் நுரையீரலை அழுத்துகிறது. முயல் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடும் விலங்கு. சளியோ வீக்கமோ மூக்கை அடைத்தால் வாயால் மூச்சுவிட்டுச் சமாளிக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. அதன் தொண்டை குறுகலானதால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்குவது நாய் பூனைகளைவிடக் கடினம். மயக்க நிலையில் உடல் சூடும் விரைவாக இறங்கிவிடும். நலமான முயலின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட முயல்களைப் பற்றி 2016இல் டி ஜிரோலாமோவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், வரும்போதே உடல் குளிர்ந்திருந்தவை இறக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. அந்த முயல்கள் நோயால் குளிர்ந்தவை, மயக்கத்தால் அல்ல. என்றாலும் குளிர்ந்த முயல் எவ்வளவு நலிந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அது போதிய சான்று. இந்த மூன்று மணி நேரத்தைக் கிளினிக்கே கவனிக்க வேண்டும். தலை தூக்கி, உட்கார்ந்து, உடல் சூடேறிய பிறகே முயலை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "விழித்துவிட்டது, எடுத்துப் போங்கள்" என்று அனுப்பும் இடத்தில், வெப்பம் பார்த்தீர்களா, எதையாவது தின்றதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அதன் பிறகு வரும் இரண்டு மூன்று நாள்களை முயலின் குடல் தீர்மானிக்கிறது. முயல் புல்லைத் தின்று வாழும்படி அமைந்த உயிர். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் அதற்கு ஒரு பெரிய பை இருக்கிறது. செரிமானப் பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதுதான். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதற்குள் புல்லின் நுண்துகள்களை நொதிக்க வைத்து, கொழுப்பமிலங்களாகவும் வைட்டமின்களாகவும் மாற்றுகின்றன. குடல் இங்கே வியப்பான ஒரு பிரிவினையைச் செய்கிறது. கரடுமுரடான நார் நேராக முன்னே தள்ளப்பட்டு, உருண்டையான உலர்ந்த புழுக்கையாக வெளியேறுகிறது. நுண்ணிய துகளும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டு அந்தப் பைக்குள் போகின்றன. அங்கே நொதித்தது, முயல் ஓய்ந்திருக்கும் வேளையில் திராட்சைக் குலை போன்ற மென்மையான புழுக்கையாக வருகிறது. முயல் அதைக் கீழே விழவிடாமல் வாயாலேயே எடுத்து விழுங்கும். அருவருக்க வேண்டிய காரியம் அன்று. அதுவே அதன் புரதத்துக்கும் பி வைட்டமின்களுக்கும் வழி. இவ்வளவும் ஒழுங்காக நடக்க ஒன்று தேவை: நாரும் நீரும் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். வரத்து நின்றால் அசைவு தளர்கிறது. அசைவு தளர்ந்தால் உள்ளிருப்பது வறண்டு இறுகுகிறது, வாயு சேர்கிறது, வயிறு வலிக்கிறது. வலி வந்ததும் முயல் தின்பதை நிறுத்திவிடும், வரத்து இன்னும் குறையும். இடையில் உடல், சேமித்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. பருத்த முயல்களில் அது கல்லீரலில் படிந்து அதையும் செயலிழக்கச் செய்துவிடலாம். அரை நாள் தின்னாமல் இருந்தாலே முயலுக்கு அவசர நிலைதான் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இந்தச் சுழல்.

நாய்க்கும் பூனைக்கும் மனிதருக்கும் பழகிய அறிவு இந்த இடத்தில் முயலைக் கைவிட்டுவிடுகிறது. அறுவைக்கு முதல்நாள் இரவே உணவை நிறுத்துவது நமக்குத் தெரிந்த வழக்கம். மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. இரவு முழுவதும் பட்டினி போட்டாலும் அதன் இரைப்பை காலியாவதும் இல்லை. எனவே பட்டினியால் பயன் ஏதும் இல்லை, கேடு உண்டு: கத்தி படும் முன்பே குடல் தளரத் தொடங்கிவிடும். வாயில் மிச்சத் துணுக்குகள் இல்லாதிருக்க ஒன்றிரண்டு மணி நேரம் உணவை விலக்கினால் போதும் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. பழகிய இரண்டாவது அறிவு இன்னும் ஆபத்தானது. "பாவம், களைத்திருக்கிறது, தொந்தரவு செய்யாமல் தூங்கவிடுவோம், பசித்தால் தின்னும்" என்பது அது. அன்பிலிருந்து வரும் சொல்தான். நாய்க்கு அது பொருந்தக்கூடும். மூலையில் ஒடுங்கி அசையாமல் கிடக்கும் முயலுக்குப் பொருந்தாது. இரையாகிப் பிழைத்த இனம் அது. வலியைக் காட்டினால் பருந்தும் நரியும் தேடி வரும் உலகில் உருவான உடல். அது அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

அந்த அமைதிக்குப் பின்னால் வலி இருக்கிறதா என்று கண்டறிய வழி உண்டா? உண்டு. 2012இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காதில் அடையாளம் குத்தப்படும் முயல்களின் முகங்களைப் படம் பிடித்து ஒப்பிட்டு, ஐந்து குறிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். கண் இடுங்குவது, கன்னம் ஒட்டுவது, மூக்கு நுனி கூர்ந்து கீழிறங்குவது, மீசை மயிர் விறைப்பது, காது ஒடுங்கிப் பின்சாய்வது ஆகியவை அந்த ஐந்து. அறுவைக்கு முன்பே, முயல் நலமாக இருக்கையில் அதன் முகத்தை நான்கைந்து படங்கள் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு ஒப்பிட அது பெரிதும் உதவும். இதோடு பல்லைக் கடிக்கும் ஓசை, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பது, வழக்கமாக ஓடி வரும் உணவுக்கு வராதிருப்பது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வலிமருந்து குறித்து ஓர் எதிர்ப்பு இருக்கிறது. பியூபிரினார்பின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் குடலின் அசைவைக் குறைப்பவை. குடல் ஓடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவற்றைக் கொடுப்பது முரண் அல்லவா? மருந்தியல்படி இந்த ஐயம் சரியானதே. ஆனால் மருந்துக்கு மாற்று, வலியில்லாத முயல் இல்லை. வலியோடு கிடக்கும் முயல். வலியும் அச்சமும் தூண்டும் அட்ரினலின் குடலின் அசைவை வலுவாகத் தடுக்கும்; தின்னும் ஆவலையும் கெடுத்துவிடும். மருந்து பெற்ற முயலின் குடல் சற்று மெதுவாக ஓடலாம், ஆனால் அது தின்னும். தின்னும் முயலின் குடலை மீட்டெடுக்கலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்து பெரும்பாலும் மெலாக்சிகாம். முயலின் உடல் அதை நாயின் உடலைவிட வேகமாக வெளியேற்றுவதால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாயைவிட அதிக அளவு தேவைப்படுகிறது. "இவ்வளவா?" என்று பயந்து வீட்டார் தாமாகவே பாதியாகக் குறைத்துவிடக் கூடாது. முயல் நன்றாகத் தெரிகிறதே என்று இரண்டாம் நாளே நிறுத்துவதும் அதே தவறு. மருந்தால்தான் அது நன்றாகத் தெரிகிறது.

தானாகத் தின்னாத முயலுக்கு ஊட்டத்தான் வேண்டும். புல் தூளால் ஆன மீட்புணவை நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாகச் சிறிது சிறிதாக, அது மென்று விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எடைக்கு ஏற்ற அளவைக் கிளினிக்கில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். இதற்கு எழும் எதிர்ப்பும் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று: பிடித்து ஊட்டுவதே முயலுக்கு அச்சம் தரும், அச்சமும் குடலை நிறுத்தும். ஆகவே ஊட்டுவது முதல் வழியாக இருக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். கொத்தமல்லி, புதினா போன்ற மணமுள்ள தழைகள், அது விரும்பும் புல், பழகிய கிண்ணத்தில் நீர், பழகிய துணை முயலின் அருகாமை, இவற்றை முதலில் முயல வேண்டும். சில மணி நேரத்தில் பலனில்லை என்றால் சிரிஞ்சுதான். துண்டில் சுற்றி, மடியில் வைத்து, குறுகிய நேரத்தில் முடிக்கும் ஊட்டலின் அச்சம் வந்து போகும். வெறும் குடலின் கேடு வளர்ந்துகொண்டே போகும். ஒரே ஒரு நிலையில் மட்டும் ஊட்டக் கூடாது: வயிறு மத்தளம் போல் உப்பி, முயல் துவண்டு கிடந்தால். அது குடல் அடைப்பாக இருக்கலாம். மேலும் திணிப்பது இரைப்பையையே கிழிக்கக்கூடும். தளர்வா அடைப்பா என்று பிரித்தறிய மருத்துவருக்கு ஒரு துளி ரத்தம் உதவும். ஹார்கோர்ட்-பிரவுனும் உடனாய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குடல் தளர்ந்த முயல்களின் ரத்தச் சர்க்கரை சராசரியாக லிட்டருக்கு 8.5 மில்லிமோல், குடல் அடைத்தவற்றில் 24.7. நீரிழிவுக்காகப் பல வீடுகளில் இருக்கும் சிறு கருவி அளக்கும் அதே சர்க்கரைதான். அறுவைக்குப் பின் முயல் உப்பிக் கிடக்கிறது என்று கொண்டுபோகும்போது சர்க்கரை பார்ப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளலாம்.

மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் நடந்தவை. நாம் வாழும் மலேசிய மாநிலமான ஜொகூருக்கு அவை அப்படியே பொருந்துமா? பகலில் 31, 32 டிகிரி, காற்றில் எப்போதும் ஈரம். இங்கே முயல் குளிரால் சாகும் என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் அறுவை நடப்பது குளிரூட்டிய அறையில். வயிற்றின் மயிர் மழிக்கப்பட்டு, கிருமிநாசினி பூசி, உள்ளுறுப்பு திறந்திருக்கும் உடலுக்கு 22 டிகிரி அறை குளிர்காலம்தான். அங்கே சூடு தேவை. அதே முயல் கார் நிறுத்துமிடத்தில் கால் மணி நேரம் காத்திருந்தாலோ, தகரக் கூரைக்கு அடியில் உள்ள கூண்டுக்குத் திரும்பினாலோ, அரை நாளுக்குள் எதிர்த்திசை ஆபத்தில் விழும். முயலுக்கு வியர்ப்பதில்லை. காதுகளின் ரத்த நாளங்கள் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். எனவே ஜொகூரில் மீண்டுவரும் முயலுக்கு வெப்பமூட்டும் விரிப்பை வீட்டில் இரவெல்லாம் விட்டு வைப்பது தவறு. சூடான இடம் ஒரு பக்கம், குளிர்ந்த ஓடு பதித்த தரை மறுபக்கம், இரண்டுக்கும் இடையே அது தானாக நகர முடிய வேண்டும். நகர முடியாத முயல் வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது.

வெப்பநாட்டுக்கே உரிய இன்னொரு எதிரி ஈ. பிரிட்டனில் முயல்மேல் புழு வைக்கும் ஈக்கள் பெரும்பாலும் கோடைக்காலத் தொல்லை. இங்கே ஆண்டு முழுவதும் கோடை. போதாததற்கு, பழைய உலகத் திருகுப்புழு ஈ மலேசியாவில் இயற்கையாகவே வாழ்கிறது. கால்நடைகளை அது எவ்வளவு பாதிக்கிறது என்றால், 1990களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மலேசியாவோடு சேர்ந்து, மலடாக்கிய ஈக்களைக் கொண்டு அதைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சியை ஜொகூரின் குளுவாங்கில் உள்ள கால்நடை நிறுவனத்தில் நடத்தினார்கள். மற்றப் பல ஈக்கள் அழுகிய சதையைத் தேடும். இதுவோ உயிருள்ள விலங்கின் புதுப் புண்ணின் ஓரத்தில் முட்டையிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் சதைக்குள் இறங்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. தையல் இருக்கும் பத்து நாளும் முயல் வீட்டுக்குள், வலையடித்த இடத்தில் இருக்க வேண்டும். காயத்தையும் பின்புறத்தையும் காலை மாலை இருவேளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். தோட்டத்துக் கூண்டில் வளர்ந்ததற்கும் இதில் விதிவிலக்கு இல்லை. காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டலாமா என்றால், கட்டாயத் தேவை இல்லாவிட்டால் வேண்டாம் என்பேன். கூம்பு மாட்டிய முயலால் மென்புழுக்கையை எடுத்துத் தின்ன முடியாது. உண்ணவே மறுப்பவையும் உண்டு. தோலுக்கடியில் மறைத்துப் போடும் தையல் அந்தத் தேவையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவைக்கலாம். காயம் சிவந்தால், வீட்டில் மிஞ்சியிருக்கும் அமாக்சிசில்லினை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே முயலுக்குள் போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவுக்கு இடம் விட்டுவிடும். குழந்தைக்குப் பாதுகாப்பான மருந்து முயலைக் கொன்றுவிடும்.

இதையெல்லாம் செய்யத் தேவையான முதற்பொருள் நேரம். ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் அதுதான் அரிதான பொருள். விடியுமுன் எழுந்து கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்பும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பதினான்கு மணி நேரத்தில் முயலின் குடல் நின்றுபோய்விட முடியும். வீடு திரும்புகிறவர் காண்பது தொடப்படாத கிண்ணத்தையும் காலியான மலத்தட்டையும்தான். "மிருகத்துக்காக விடுப்பு எடுக்க முடியுமா?" என்று கேட்பவர்களின் நெருக்கடி உண்மையானது. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கருப்பை நீக்கம் போன்ற அறுவை அவசரமானதன்று. எந்த நாளில் செய்வது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியிருப்பதால், எல்லைக்கு இருபுறமும் வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை அறுவை வசதியாகத் தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டார் இருக்கும் அந்த இரண்டு நாளில் கிளினிக் பூட்டியிருந்தால், ஞாயிறு காலை உப்பிய வயிற்றோடு கிடக்கும் முயலை எங்கே கொண்டுபோவது? எனவே வெள்ளிக்கிழமையைக் கேட்கும் முன் ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பீர்களா, இல்லையென்றால் முயல் பார்க்கத் தெரிந்த வேறு மருத்துவர் அன்று யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்கவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை அறுவை வைத்துக்கொண்டு, குடும்பத்தில் ஒருவர் புதன், வியாழன் இரண்டு நாளும் வீட்டில் இருப்பதே மேல். மூத்தவர் யாராவது பகலில் வீட்டில் இருந்தால் அவரே போதும். அவருக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. புழுக்கையை எண்ணத் தெரிந்து, குறைந்தால் தொலைபேசியில் அழைக்கத் தெரிந்தால் சரி.